கதிர்காமநாதன் கூண்டில் ஏறிய நாள்

பதுளைக் கடைத்தெருவில் அன்று வேறு பேச்சே இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கதிர்காமநாதனுக்கே நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறதாம்! பதினெட்டு வருடம் ஆசனத்தில் உட்கார்ந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று எத்தனை சாட்சிகளை அதட்டியிருப்பார்! அந்த மனிதர் அறுபத்துமூன்று வயதில் தானே சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறார்.

அவர் மனைவி வள்ளியம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஊரையே அந்தக் கூண்டுல நிக்க வச்சு வேர்க்க விட்டீங்க. இப்ப உங்க மொறை."

"சிரி, நல்லா சிரி. ஒரு பழைய நில உறுதிப் பத்திர விஷயம். அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷ வேலைக்கா ரெண்டு நாளா சோத்த அளைஞ்சிக்கிட்டு இருக்கீங்க?"



வழக்கு இதுதான். தங்கராஜாவின் ஜவுளிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. ரெங்கம்மா என்ற விதவை நாற்பது வருடத்துக்கு மேலாக அதில் இருக்கிறாள். புருஷன் செத்த வருடம், 1889இல், முன்பக்கக் கடையை மட்டும் தங்கராஜாவின் அப்பாவுக்கு விற்றதாக அவள் சொல்கிறாள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய விற்பனை உறுதியிலோ தெருவிலிருந்து பின்னால் ஓடும் ஓடை வரைக்கும் எல்லாமே விற்றதாக எழுதியிருக்கிறது. பெரியவர் உயிரோடு இருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் காலமான பிறகு மகன் பெட்டியைத் திறந்தார், உறுதியைப் பார்த்தார், வழக்குப் போட்டார். வீடும் எங்களுடையதுதான், அப்பா பாவம் பார்த்து அவளை இருக்க விட்டார் என்பது அவர் கட்சி. எழுத்து அவர் பக்கம் இருந்தது. ரெங்கம்மா தோற்றால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

அந்த உறுதிக்குச் சான்று எழுதி முடித்துக் கொடுத்த அந்நாளைய நொத்தாரிசு கதிர்காமநாதன்தான். "இதனை வாசித்து விளங்கப்படுத்தினேன், விளங்கிக்கொண்டு புள்ளடி இட்டார்" என்று, எழுத்தறியாத ரெங்கம்மா போட்ட பெருக்கல் குறிக்கு அடியில் தன் கையாலேயே எழுதியிருந்தார். அன்றைக்குக் கூட நின்ற சாட்சிகள் இருவரும் இன்று உயிரோடு இல்லை. நடந்ததைச் சொல்ல இனி அவர் ஒருவர்தான் உண்டு.

தங்கராஜாவின் வக்கீல், புரொக்டர் ஷுக்ரி, வீட்டுக்கே வந்துவிட்டார். கதிர்காமநாதனின் அலுவலகத்தில் தொழில் பழகியவர். தேநீரை வாங்கிக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"சேருக்குத் தொந்தரவு குடுக்கிறதுக்கு மன்னிக்கணும். ஒரே ஒரு வரிதான். 'முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தினது, ஞாபகம் இல்ல. ஆனா வாசிச்சுக் காட்டாம நான் எந்த உறுதிக்கும் கையெழுத்து வச்சதில்ல.' அவ்வளவு போதும்."

"அவ்வளவுதானா?"

"சேர் சொன்னா அதுக்கு மேல பதுளையில யார் கேள்வி கேப்பாங்க?"

ஷுக்ரி போனதும் வள்ளியம்மை புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அந்தக் காலத்தில் அவருக்குப் பரீட்சைப் பாடம் கேட்டதே அவள்தான்! அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்பாள். தடங்கலில்லாமல் சொன்னால் சரி, நடுவில் எச்சில் விழுங்கினால் தப்பு. அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

"நீங்க எச்சி முழுங்குறீங்க," என்றாள்.

அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

புரொக்டர் பரீட்சையில் அவர் இரண்டு தடவை தோற்றவர். முதல் தடவை ஆங்கிலம் காலை வாரியது, மறுதடவை ஒல்லாந்தர் சட்டம். "துணி கிழிக்கிற கைக்கு என்னத்துக்குடா சட்டப் புத்தகம்? பேசாம வந்து கடையில ஒக்காரு," என்று துணிக்கடை வைத்திருந்த அவர் அப்பா வாடிக்கையாளர் முன்னாலேயே ஏசினார். அவர் உட்காரவில்லை. பகலெல்லாம் நொத்தாரிசு வேலை, விடிவதற்கு முன் புத்தகம். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மூன்றாவது பரீட்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். பதுளைக்கு அப்போது ரயில் கிடையாது. தபால் குதிரைவண்டியில் நானுஓயா போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். அதை விட்டால் பரீட்சையும் போச்சு.

வண்டி புறப்பட இருந்த அந்தக் காலையில், கொட்டும் மழையில், கடை வாங்குகிறவரும் ரெங்கம்மாவும் சாட்சிகளோடு வந்து நின்றார்கள். வாங்குகிறவருக்கு மறுநாள் இந்தியாவுக்குப் பயணம். உறுதியை அவர் குமாஸ்தா எழுதியே கொண்டுவந்திருந்தார். தெருமுனையில் வண்டிக்காரன் கொம்பு ஊதினான். கதிர்காமநாதன் பேனாவை அவள் கையில் கொடுத்தார், புள்ளடி விழுந்தது, "வாசித்து விளங்கப்படுத்தினேன்" என்று எழுதிவிட்டு ஓடினார். நகர்ந்துகொண்டிருந்த வண்டியில் தொற்றி ஏறினார்.

அந்தத் தடவை தேறினார். புரொக்டர் ஆனார், நீதவான் ஆனார், நீதிபதி ஆனார். மகனைச் சீமைக்குப் படிக்க அனுப்பினார். மகள் சந்திரகாந்தியைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தார். எல்லாம் அந்த வண்டியில் ஏறியதால் வந்தது.

"திரும்பி வந்து அவளக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டணும்னுதான் நெனச்சேன். வாசல்ல கட்சிக்காரங்க வரிசையா நின்னாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு போயிருச்சு."

வள்ளியம்மை வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள்.

"இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையச் சொன்னா நொத்தாரிசு பொய் எழுதினான்னு ஆகும். அந்தப் பேரு எனக்கும் போகும், புள்ளைங்களுக்கும் போகும்."

"பேரு நமக்கு வீடு கட்டித் தந்திருக்கு. அந்தப் பொம்பளைக்கு இருக்கிறது ஒரே வீடு. காலையில எந்தக் கோட்டு போடுறீங்க? கறுப்பா, சாம்பலா?"

"கறுப்பு," என்றார் கதிர்காமநாதன். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ஆசனத்தில் இருந்தவர் இளவயது வெள்ளைக்காரர். அவர் எழுந்து தலை வணங்கியே பழைய நீதிபதியை வரவேற்றார். கதிர்காமநாதன் கூண்டில் ஏறியதும் கேட்ட முதல் விஷயம், தமிழில் சாட்சி சொல்ல அனுமதி. மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய்க் கிட்ட வந்தார்.

"ஐயா, இங்கிலீஷ்லயே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சங்க."

"அந்த அம்மாவுக்கும் வெளங்கணும். நீரு உம்ம வேலையச் செய்யும்."

ஷுக்ரி எழுந்தார். "சேர், இந்த உறுதியில இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான்."

"வாசிச்சு விளங்கப்படுத்தாம நீங்க ஒரு உறுதிக்காவது கையெழுத்து வச்சதுண்டா?"

"ஒண்ணு உண்டு. அது இதுதான்."

ஷுக்ரியின் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. கதிர்காமநாதன் நிற்கவில்லை. மழையைச் சொன்னார், கொம்புச் சத்தத்தைச் சொன்னார், பரீட்சையைச் சொன்னார்.

"சேர், தயவுசெஞ்சு, கேட்டதுக்கு மட்டும்..." என்று ஷுக்ரி கெஞ்சவும் கூடம் முழுக்கச் சிரித்தது. சேவகன் "சத்தம்! சத்தம்!" என்று கத்தினான். அவன் முகத்திலும் சிரிப்பு.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். மொழிபெயர்ப்பாளர் அவர் கேள்வியைத் தமிழில் சொன்னார். "உங்கள் சான்று பொய் என்று நீங்களே சொல்கிறீர்கள். புரிந்துதான் சொல்கிறீர்களா?"

"புரிஞ்சுதான் சொல்றேன். நான் எழுதினது பொய். அந்த அம்மாவுக்கு ஒரு வரிகூட வாசிச்சுக் காட்டல. எதுக்குப் புள்ளடி போடுறோம்னு அவங்களுக்குத் தெரியாது." குரலில் நடுக்கமே இல்லை. ஆசனத்தில் இருந்தபோது தீர்ப்புச் சொல்வாரே, அதே குரல்!

நீதிபதி உறுதியைக் கதிர்காமநாதனிடம் நீட்டச் சொன்னார். "அப்படியானால் இப்போது வாசியுங்கள்."

முப்பத்தாறு வருடம் கழித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கில உறுதியை வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார் கதிர்காமநாதன். ரெங்கம்மா தான் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் நுனிக்கு நகர்ந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டாள். "கிழக்கே கடைத்தெரு. மேற்கே ஓடை..."

"நில்லுங்க ஐயா!" ரெங்கம்மா எழுந்துவிட்டாள். "ஓடை வரைக்குமா? ஓடைக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி இருக்கே! அடுப்படிய வித்துப்புட்டு நான் எங்கங்க ஒலை வைப்பேன்? கடைச் செவரோட நிக்கணும், அதத்தானே பேசினோம்!"

சேவகன் அவளை அடக்கப் போனான். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"குமாஸ்தா, இவங்க புருஷன் பேர்ல இருந்த முந்தின உறுதியோட நாலு எல்லையையும் அப்படியே பாத்து எழுதியிருக்காரு," என்றார் கதிர்காமநாதன். "வாசிச்சிருந்தா அன்னைக்கே இந்த அம்மா இப்படி எந்திரிச்சிருப்பாங்க. நானும் திருத்தியிருப்பேன்."

தங்கராஜா அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது ஷுக்ரியின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "அப்பா ஒருநாளும் அந்த வீட்டுக் கதவத் தட்டினதில்லங்க. பாவம் பாத்துத்தான்னு நான் நெனச்சேன். வீடு நம்மது இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. வழக்க வாபஸ் வாங்கிருங்க."

வெளியே வந்தபோது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மைதான், பேருக்கு ஒரு கீறல் விழுந்தது. ஆனால் கதிர்காமநாதன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! குடையைக்கூட விரிக்காமல், தூறலில், நடுத்தெருவில் நிமிர்ந்து போனார்.

அடுத்த வாரம் ஷுக்ரியின் அலுவலகத்தில் பிழை திருத்தும் புதிய உறுதி தயாரானது. தங்கராஜா வந்தார், ரெங்கம்மா வந்தாள். சாட்சிக் கையெழுத்துக்குக் கதிர்காமநாதனை அவளே கேட்டு அழைத்திருந்தாள்.

"ஓடி ஒளிஞ்சவரு இல்ல, எனக்கு அவருதான் வேணும்," என்றாளாம்.

ஷுக்ரி முழு உறுதியையும் வாசித்து முடித்தார். மேற்கே கடையின் பின்சுவர். பேனாவை நீட்டினார். ரெங்கம்மா வாங்கவில்லை.

"இன்னொரு தரம் வாசிங்க தம்பி."

"இப்பத்தானே பாட்டி வாசிச்சேன்?"

"போன தரத்துக்கும் சேத்து வாசிங்க."

கதிர்காமநாதன் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார். "வாசியுமையா ஷுக்ரி," என்றார். "இன்னைக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்ல."