மூன்றாவது பட்டை

கடலே இல்லாத கோயம்புத்தூரில் கடற்படைக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. அங்கே ஒரு பயிற்சி நிலையம் இருந்தது; என் கணவர் அதில் அதிகாரி. தொண்ணூறுகளின் நடுவில் அந்த மாற்றல் கிடைத்தபோது இரு வீட்டாருக்கும் தலைகால் புரியவில்லை. தாராபுரத்திலிருந்து மாமனார் இளநீரும் முருங்கைக்காயுமாகப் பஸ்ஸில் வந்து இறங்குவார்.

கணவரின் தோளில் அப்போது இரண்டரைப் பட்டை. இரண்டு தடிப் பட்டைகள், நடுவில் மெல்லிசாக ஒன்று. அதுவரை வருஷம் ஓடினாலே பதவி வந்துவிடும். மூன்றாவது முழுப் பட்டை அப்படியல்ல. தேர்வுக் குழு உட்கார்ந்து ஆளைப் பொறுக்கி எடுக்கும். மூன்று வாய்ப்புதான். முதல் வாய்ப்பில் அவர் பெயர் வரவில்லை. கப்பலில் இருந்த காலம் போதவில்லை. கூடவே வேலைக்குச் சேர்ந்தவர் தோளில் மூன்று பட்டை ஏறிவிட, அவருக்கு இவர் சல்யூட் அடித்துவிட்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பிறகு விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பலுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பாடா என்றிருந்தது. கப்பலில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த முறை பட்டை வரலாம். கைக்குழந்தையோடு தனியாக இருக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன? ஆனாலும் அவர் போயே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கப்பலும் வேண்டாம், கிப்பலும் வேண்டாம். நம்ம கட்சிப் பெரியவருகிட்ட சொல்லிப்போட்டேன். அடுத்த வாரம் டெல்லி போறாராமா. பேசி இங்கயே நிறுத்தித் தாரேன்னு வாக்குக் குடுத்துட்டாரு கண்ணு."

வாத்தியார் வேலையோ மின்சார வாரியமோ, சொந்த ஊருக்கு மாற்றல் வாங்க எங்கள் பக்கம் எல்லோரும் போகிற வழி அது. கடற்படையில் வெளியாள் சிபாரிசு வந்தால் அது அதிகாரியின் பெயருக்கே கரும்புள்ளி. கணவரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் புயலில் கப்பல் ஓட்டுகிற மனுஷன் அப்பா முன்னால் வாய் திறக்க வேண்டுமே! நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"கேட்ட வாயால வேண்டாம்னு எப்படிக் கண்ணு சொல்றது? நாளைக்கு அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க முடியுமா?" என்றார் மாமனார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். உதவி கேட்டுவிட்டு வேண்டாம் என்பது பெரியவரை அவமதிப்பது போல.

"அப்ப நான் சொல்றேனுங்க மாமா."

மறுநாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமனாரோடு தாராபுரம் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். பெரியவர் வீட்டுக் கேட்டருகே வந்ததும், "நான் இங்கயே நிக்கறேன்" என்று நின்றுவிட்டார்.

உள்ளே ஏகப்பட்ட கூட்டம். ஆனாலும் சொன்னேன்.

"நீங்க உதவ நெனைச்சது பெரிய மனசுங்க. ஆனா அவரு கப்பலுக்குப் போனாத்தானுங்க மேல வர முடியும். நீங்க பேசினா அவரு பேருக்கே கெடுதலுங்க. தயவுபண்ணிப் பேசாதீங்க."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புருசனை ஊரை விட்டு அனுப்பச் சொல்ற பொண்டாட்டிய இப்பத்தானம்மா பாக்கறேன். ஆமா, கேட்ட மனுசன் எங்கே? உங்க மாமனாரு வரலையா?"

பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேனுங்க." தோள் துண்டு மாமனாரின் கையில் இருந்தது. "அம்மணி சொல்றதுதானுங்க சரி. நாந்தான் தெரியாம கேட்டுப்போட்டேன்."

எந்தச் சபையிலும் துண்டை இறக்காதவர் அவர்.

கணவர் கப்பலுக்குப் போனார். குழந்தை அப்பாவை போட்டோவில் பார்த்தே நடை பழகியது. அதற்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அந்தக் கடலை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ஆனால் திரும்பி வாருங்கள் என்று ஒரு முறைகூட அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வாய்ப்பில் அவர் பெயர் வந்தது. அவர் போனில் சொன்னதும் அழுது தீர்த்துவிட்டு, தாராபுரத்துக்குப் போன் போட்டேன்.

"மூணாவது பட்டை வந்துருச்சுங்க மாமா!"

மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இனி ஊட்டுப் பக்கம் வந்துருவானா கண்ணு?"

"இல்லீங்க மாமா. அடுத்த பட்டைக்கும் கடலுக்குத்தான் போகோணும்."

"சரி அம்மணி," என்றார். "போகட்டும். நான் இனி சிபாரிசு கேட்டு யாரு ஊட்டுக்கும் போக மாட்டேன்."