மாலிங்கர் வீட்டு மருமகள்

ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ரோலர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரத்துணியைச் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்துவது அவள் வேலை. வாயும் உருளை மாதிரிதான். அகப்பட்டவர் தட்டையாகத்தான் வெளியே வருவார். மாலிங்கர் என்பது கல்யாணத்தோடு ஒட்டிக்கொண்ட குடும்பப் பெயர். அதே கூடத்தில் பாய்லர் பார்த்த மூத்தாருக்கும், அதாவது கணவரின் அண்ணனுக்கும், அதே பெயர்.

இரண்டு கைகளும் மரத்துப்போக ஆரம்பித்ததும், மடிப்பு மேசைக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றாள். தன் இங்கிலீஷைக் காட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

“மலிங்கர்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா?” என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “வேலைக்கு டிமிக்கி குடுக்க நோவு வந்த மாதிரி நடிக்கிறது. உன் பேர்ல ஒரு காலை எடுத்துட்டா அதேதான்!”

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மூத்தார்.

“உங்க பேரும் அதுதானே?” என்று கேட்டாள்.

“நான் ஒழுங்கா வேலை பாக்கறேன்” என்றார் அவர்.

அன்று முதல் அவள் ரோலர்க்கா இல்லை, நடிகை. முகம் கழுவப் போனால்கூட, “மேக்கப் போடப் போறாங்கப்பா!” என்று குரல் வரும். வீட்டில் மாமியார், “குடும்பப் பேரைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே” என்றாள். கணவர் அம்மாவுக்கும் அவளுக்கும் மாறி மாறித் தலையாட்டினார்.

இடம் மாற்றவில்லை. ஒருநாள் விரிப்போடு வலது கை விரல்களும் உருளைக்குள் போயின. அவளுக்கு வலி தெரியவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் அலறிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தாள். இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். “ஏதோ தமாஷுக்குச் சொன்னேன்மா. மனசுல வச்சுக்காதே.”

மாமியார் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கட்டுப்போடாத இடது கையால் இறுகப் பிடித்து எடுத்தாள். உள்ளங்கை சிவந்தது. முகம் மாறவில்லை.

“பிடிங்க சார்.”

விரல் பட்டதும் அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“ஏன் சார், நடிக்கிறீங்களா?”

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். “நாளைக்கே மடிப்பு மேசைல போட்டுடறேன்.”

“கை ஆறினப்புறம் வருவேன். மேசை எனக்காகக் காத்திருக்கணும்.”

மூத்தார் அவரை வழியனுப்பப் பின்னாலேயே ஓடினார். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

மேசை கிடைத்தது. கூடத்தில் மன்னிப்புக் கேட்டவர்களோடு அளந்து பேசினாள். கேட்காதவர்களோடு பேச்சே இல்லை. வீட்டில் மூத்தாருக்கு மட்டும் பரிமாற மாட்டாள். “சட்டி அங்க இருக்கு, போட்டுக்கச் சொல்லுங்க” என்று அவர் எதிரிலேயே கணவரிடம் சொல்வாள். பொறுத்துப் பார்த்துவிட்டு மூத்தார் தனிக்குடித்தனம் கிளம்பினார். மாமியார் அழுதாள். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தவள் மருமகள்தான். அடிகனமான வாணலியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஓட்டை அடைத்த குண்டானை அவர் மூட்டையில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.