சுவருக்கு உள்ளே

“சுவருக்கு உள்ளயா, வெளியவா?” மீனை எண்ணெயில் போட்டபடியே டிம்ப்னா சின்னட் கேட்பார். வெளியே என்று சொல்லிவிட்டால் உருளைக்கிழங்கு சற்றுக் கருகித்தான் வரும்.

கில்ரோனாத் துறைமுகத்தின் ஊர்ச்சுவர் இடிந்து பல தலைமுறை ஆகிறது. டிம்ப்னாவின் மனத்தில் மட்டும் அது முழு உயரத்துக்கு நிற்கிறது. தன் மீன் வறுவல் கடைக்கு முன்னால், கடலோரமாக அது ஓடியது, ஆகவே கடை சுவருக்கு உள்ளே என்பது அவர் கட்சி.

“வைக்கிங் வந்தான், கொள்ளையடிச்சான், ஊரையும் கட்டுனான். போகட்டும். ரயில் ரோட்டுக்காரங்க நீங்க எதுக்கு வந்தீங்க?” என்று என்னைக் கேட்பார். என் தாத்தா தண்டவாளம் போட வந்தவர். ஆகவே நான் வந்தேறி. டிம்ப்னாவின் முன்னோர் பல நூற்றாண்டுக்கு முன் ஊரைப் பிடிக்க வந்த நார்மன் படையோடு இறங்கியவர்கள். வாளோடு வந்தால் வந்தேறி இல்லை, மண்வெட்டியோடு வந்தால்தான் போலும். புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஆண்டுதோறும் மேயர் கடலில் ஓர் ஈட்டி எறிவார். அது விழும் இடம் வரை ஊர் என்பது வழக்கம். அந்த ஈட்டியைக் காப்பது சுவருக்குள் வாழும் பழைய குடும்பத்தின் உரிமை. கடையை ஒட்டிய டிம்ப்னா வீட்டில்தான் அது தொங்குகிறது. அந்தப் பெருமையில்தான் மாதாகோவிலில் முதல் வரிசையில் உட்காருகிறார்.

போன வாரம் கடையின் கொல்லையில் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் சுவர் கிடைத்தது. கடைக்குப் பின்னால்! கடை நிற்பது, பிற்காலத்தில் குப்பையும் கல்லும் கொட்டிச் சேற்றைத் தூர்த்த இடமாம்.

“என்னக்கா, எங்க ஊருக்கு எப்ப வந்தீங்க?” என்றார் படகுக்காரர் லோர்கன். கடையே சிரித்தது. டிம்ப்னா எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலமெல்லாம் கருகல் தின்ற நான் குதூகலித்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது.

மேயர் குவர்க் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. ஈட்டிய வேற வீட்டுக்குக் குடுத்துடலாம்னு...”

“ஈட்டி விழுற இடம் வரைக்கும் ஊரு. அதுவும் வழக்கந்தானே?”

“அதுல என்னக்கா சந்தேகம்?”

டிம்ப்னா ஈட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பள்ளத்தில் இறங்கிச் சுவரின் மேல் ஏறி நின்றார். “ரோட்டுல நிக்கிறவங்க ஒதுங்குங்க!” என்று கத்திவிட்டு, தன் கடையின் தாழ்ந்த கூரைக்கு மேலாகக் கடலை நோக்கி ஈட்டியை வீசினார்.