சிவப்பு நூலுக்கு முந்தின மணி

செபமாலையில் ஒரு மணி மிச்சம் நின்றது. சவரியம்மாள் அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த புயல்காற்று ஜன்னல் கதவை இடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது. யார்?

வானூர்ப் பக்கம் நெல்வயலில் வளர்ந்தவள். பதினேழு வயதில் அப்பாதுரையைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தாள். முதல் நாள் உப்புப் பாத்தியில் இறங்கியதும் கால்வெடிப்பெல்லாம் தீப்பட்டதுபோல் எரிந்தது. அழுதாள். மறுநாளும் இறங்கினாள். நாற்பது வருஷம் உப்பு வாரி, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, புருஷனை அடக்கம் செய்து, முட்டி இரண்டும் தேய்ந்தபிறகுதான் வீட்டோடு உட்கார்ந்தாள்.

எத்தனை அலுப்பிலும் சாயங்காலம் ஆறு மணிச் செபம் தவறியதில்லை. செபமாலை முடிந்ததும் இன்னொரு சுற்று உண்டு. மணிக்கு ஒருத்தராக வீட்டாரின் பெயரைச் சொல்லுவாள். இப்போது இருபத்து மூன்று பெயர்கள். இருபத்து மூன்றாவது மணிக்கு அப்புறம் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். பேரனுக்கோ பேத்திக்கோ பிள்ளை பிறந்தால் நூல் ஒரு மணி தள்ளிப்போகும்.

"ஆயா, மணி மாதாவுக்கு. நீங்க ரேஷன் கார்டு மாதிரி பேர் படிக்கிறீங்களே," என்று புனித நீர் தெளித்து வீடு மந்திரிக்க வந்த இளம் சாமியார் சிரித்தார்.

"மாதாவுக்கு எங்க வீட்டு ஆளுங்கள வேற யாரு சாமி அடையாளம் காட்டறது?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பெயரை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது மகன் பத்தொன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் குடித்துவிட்டு வந்து, அப்பன்மேல் கையை ஓங்கினான். அன்று சாயங்காலம் அவன் பெயர் வரும் இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள். தானாக வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று மூன்று நாள் அப்படியே விட்டாள். நான்காம் நாள் விடியலில் யாரோடோ கடலுக்குப் போனான். படகு கவிழ்ந்தது. பொம்மையார்பாளையம் கரையில் கிடைத்தான். பெயரை விட்ட சங்கதியை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

இப்போது மறுபடி ஒரு மணி மிச்சம்.

முதலில் மூத்தவன் அருளப்பனாக இருக்குமோ என்றுதான் நினைத்தாள். உப்புக் குவியலை மூடிய தார்ப்பாய் பறக்கிறது என்று மத்தியானம் போனவன். அவன் பெயரைச் சொன்னோமா, சொல்லவில்லையா?

"செல்வி," என்று கூப்பிட்டாள். அருளப்பன் பெண்சாதி ஆரோக்கியசெல்வி பக்கத்தில்தான் முட்டி போட்டிருந்தாள். "அவன் இன்னும் வரலியே?"

"வந்துடுவாரு அத்தை. அஞ்சு பேரு சேர்ந்துதான் போயிருக்காங்க."

"எல்லாருக்கும் போன் போடு. ஒருத்தர விடாத."

செல்வி மாமியார் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். போனை எடுத்தாள். சென்னையில் இருப்பவர்கள், பாண்டியில் இருப்பவர்கள், எல்லாரும் எடுத்தார்கள். ஆரோவில்லில் வேலைசெய்யும் பேத்தி ஜெயப்ரியா கத்திச் சொன்னாள்: "எங்களுக்கு ஒன்னும் இல்ல, கரண்ட்டுதான் இல்ல. இங்க கொசுகூட உயிரோடதான் இருக்குதுன்னு ஆயாகிட்ட சொல்லு!"

சவரியம்மாள் மறுபடி முதலிலிருந்து, வீட்டிலிருப்பவர்களையும் சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணியைத் தள்ளினாள். கடைசி மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே டவர் செத்தது. அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு அருளப்பன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

"பாதி உப்பு கரைஞ்சிடுச்சும்மா," என்றான். அவள் அவன் ஈரக் கையைத் தொட்டுப் பார்த்தாள். உப்பு போனால் போகட்டும். அவனுக்கும் ஒரு மணியைத் தள்ளினாள்.

அப்படியும் சிவப்பு நூலுக்கு முந்தின மணி நின்றது.

அருளப்பன் துண்டைத் தேடி உள்ளே போனான். சவரியம்மாள் அந்த மணியையே உருட்டினாள். வாய்விட்டுக் கேட்டால் நாளைக்கே செபம் சொல்லும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டால் ஒரு உயிர்.

"செல்வி, ஒரு பேரு வரலடி."

சொல்லிவிட்டாள்.

"உயிரோட இருக்கிறவங்க இருபத்திரண்டு பேருதான் அத்தை," என்றாள் செல்வி மெதுவாக. "எல்லாரும் சரியா இருக்காங்க."

சவரியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. புருஷனை மரித்தவர்களின் செபத்தில் சேர்த்துவிட்டாள். ஒரே ஒருத்தனைத்தான் அங்கே தள்ள மனசு வராமல் உயிருள்ளவர்களோடு வைத்திருந்தாள். அவன் முகம் தெரிந்தது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கரையில் கிடந்தபோது தலைமயிரில் ஒட்டியிருந்த மணல். எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

பெற்றவள் எப்படிக் கேட்பாள், என் பிள்ளை பெயர் என்னவென்று?

தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க... இங்க அடிபட்டவன்..."

"ஜான்சன்," என்றாள் செல்வி.

சவரியம்மாள் அந்தப் பெயரை இரண்டு தடவை சொன்னாள். மணியைத் தள்ளினாள். நூல் விரலில் தட்டியது.

"தினம் மொத மணியே அவன் பேருதான அத்தை. நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் செத்தான், அதிலிருந்து கேக்கறேன். இன்னிக்கு நீங்க அருளப்பன்னு ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன்டி சொல்லல? ஊர்பூரா போன் போட்டியே?"

செல்வி தரையைப் பார்த்தாள். "அவன் பேரையே நீங்க மறந்துட்டீங்கன்னா... எனக்கு பயமா இருந்துச்சு. நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன்."

ஜன்னல் மறுபடி இடித்தது. சவரியம்மாள் மருமகளின் கையை இழுத்து, செபமாலையின் மறுபாதியை அதில் வைத்தாள். கொடுத்துவிடவில்லை, தன் பாதியை விடாமல் பிடித்திருந்தாள்.

"நாளைக்கு நான் வாயைத் திறக்கலன்னா, நீ மொத பேரைச் சொல்லு. காத்திருக்காத."

"சரிங்க அத்தை."

"மூணு நாள்லாம் காத்திருக்காத," என்றாள் சவரியம்மாள்.

அது என்ன மூன்று நாள் என்று செல்விக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.