அண்ணன் கொண்டுவந்த ஊர்ச் சின்னம்

அண்ணன் ஜெர்மனியிலிருந்து வந்து, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் தங்கினார். தான் வாழும் ஊரின் சின்னம் பதித்த பீங்கான் தட்டொன்றை எனக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு மதில், இரண்டு கோபுரங்கள், நடுவே திறந்த வாசல், அதற்கு மேலே ஒரு திறப்பு, அதாவது சாவி.

இரவுச் சாப்பாட்டின்போது என் பிள்ளைகளுக்கு அதை விளக்கினார். ஆர் வந்தாலும் தங்கள் ஊர் வாசல் திறந்திருக்கும், அதுதான் அர்த்தம் என்றார். மகள் வடிவாக இருக்கிறது பெரியப்பா என்றாள்.

எனக்கு அந்தச் சின்னம் புதிதல்ல. நானும் அதே ஊரின் அகதி முகாமில் சில காலம் இருந்தவன். எங்களுக்கு மொழி சொல்லித்தந்த ஆசிரியை ஒருநாள் நகரசபைக்கு அழைத்துப்போய், சுவரில் செதுக்கியிருந்த சின்னத்தின் கதையைச் சொன்னார். பழைய காலத்தில் அந்த நிலத்தை ஆண்ட பிரபு, மதில் கட்டவும் வாசலைத் தாங்களே பூட்டவும் ஊராருக்கு உரிமை கொடுத்தானாம். திறப்பு அந்த உரிமையின் அடையாளம். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று இனி ஊரே முடிவு செய்யும்.

அந்தப் பனிக்காலத்தில் என் அகதி மனு நிராகரிக்கப்பட்டது. பொலிஸ் தேடி வருமென்ற பயத்தில் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. கதவின் சங்கிலியைக் கழற்றாமலே பேசினார்.

"இஞ்ச நிக்காத. உன்னால என்ர விசாவும் போயிடும்."

பிறகு லொறி ஒன்றுக்குள் ஒளிந்து இங்கிலாந்து வந்தேன். குரோய்டன் குடிவரவு அலுவலக வரிசைகளில் நின்று ஒருவழியாக விசா எடுத்தேன். அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று, அவர் உயிரோடு இருந்தவரை அண்ணன் கதவு திறக்காததைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

தட்டு வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் பேசினேன். திறப்பின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணை, நானும் அந்த ஊருக்குள்ளதான் உங்கட கதவைத் தட்டினனான். ஞாபகம் இருக்கோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தானும் அப்போது பயந்துபோய் இருந்ததாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"உனக்கும் லண்டன் கிடைச்சதுதானே," என்றார்.

மறுநாள் காலையிலேயே இல்ஃபோர்டில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மறிக்கவில்லை. இப்போது பிள்ளைகளோடு மட்டும் போனில் பேசுகிறார். வருகிற கோடையில் ஜெர்மனிக்கு அவரிடம் போக அவர்களுக்கு ஆசை. போய் வாருங்கள் என்றேன். நீங்களும் வாறீங்களா என்று அவர்கள் கேட்கவில்லை.