கேத்திலும் கத்தரிக்கோலும்

தம்பலகாமத்தில் எங்கள் வட்டாரத்துக்கு மாமாவும் சித்தப்பாவும் எதிரெதிராகப் பிரதேச சபைத் தேர்தலில் நின்றபோது எனக்கு ஐந்து வயது. மாமா அம்மாவின் அண்ணன். அவருடைய சின்னம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில். சித்தப்பா அப்பாவின் தம்பி; அவருக்குக் கத்தரிக்கோல். இருவரும் சுயேச்சை. எங்கள் ஊரில் எதற்குக் குறைவிருந்தாலும் சுயேச்சைகளுக்குக் குறைவில்லை.

அப்பாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அவர் இல்லாத வீட்டை இந்த இருவரும்தான் தாங்கினார்கள். எங்கள் வயலை உழுது விதைத்து வெட்டித் தருவது சித்தப்பா. எனக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாமா. ஒருவரைப் பகைத்தால் வயல் போகும், மற்றவரைப் பகைத்தால் பிறந்த வீடு போகும். அம்மா அந்த மாதம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

தேர்தலுக்கு முதல் நாள் காலையில் மாமா வந்தார். "தங்கச்சி, நீ ஆருக்குப் போடுவாய் எண்டு நான் கேக்கத் தேவையில்லைத்தானே?"

"ஓம் அண்ணா."

பின்னேரம் சித்தப்பா வந்தார். "அண்ணி, எனக்குப் போடச்சொல்லி அண்ணா கட்டாரில இருந்து போனில சொன்னவர்தானே?"

"ஓம் தம்பி."

இரண்டு ஓமும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

மறுநாள் அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, வாக்குச்சாவடியாக மாறியிருந்த பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். சின்னப்பிள்ளை என்று உள்ளே விட்டார்கள். அம்மாவின் சின்ன விரலில் மை பூசி, சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குள் அம்மா பென்சிலும் கையுமாக வெகுநேரம் நின்றார். பிறகு கேத்திலுக்கு நேரே ஒரு புள்ளடி போட்டார். மூச்சை இழுத்துவிட்டு, கத்தரிக்கோலுக்கு நேரேயும் ஒன்று போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டொபி பங்கிடும்போதும் அம்மா இப்படித்தான், எனக்கும் என் தம்பிக்கும் குறை வைக்கமாட்டார்.

அன்றைக்கே அங்கேயே எண்ணினார்கள். இருவருக்கும் சமன். திருவுளச்சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்ததில் சித்தப்பாவின் பெயர் வந்தது. செல்லாத சீட்டு ஒன்றில் இரண்டு சின்னத்துக்கும் புள்ளடி இருந்ததாம் என்று ஊர் முழுக்கக் கதை.

அடுத்த நாள் மாமா வந்து கதிரையில் பொத்தென்று இருந்தார். முகம் வழிக்கவில்லை, கண் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு வோட்டு, தங்கச்சி. எந்த மொக்கன் ரெண்டு பேருக்கும் போட்டவனோ தெரியாது. ஆர் போடாட்டிலும் நீ எனக்குப் போட்டனி, அது காணும்."

அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். இவ்வளவு நல்ல செய்தியை ஏன் சொல்லாமல் நிற்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓம் மாமா, நான் கண்டனான். அம்மா உங்களுக்கும் போட்டவ, சித்தப்பாக்கும் போட்டவ."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். மாமா எழும்பிப் படலை வரைக்கும் போனார். ஏதோ நினைத்துத் திரும்பி வந்தார்.

"இதைச் சித்தப்பாட்டச் சொல்லிப்போடாத, என்ன? ஒருத்தரிட்டயும் சொல்லாத" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்கும் ஒன்று கிடைத்ததில் மாமாவுக்குப் பொறாமை என்றுதான் நான் அன்று நினைத்தேன்.