கூப்பிட்டதும் வந்த லிஃப்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லண்டன் லூயிஷாமில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும், நகரசபை வாடகைக்கு விடும் ஒரு கவுன்சில் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு முன்னால், கையில் போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுப்பதற்கு ஒரே காரணம் என் படிப்பு.

அப்போது நான் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரோமெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் முழு டிகிரி அல்ல, இரண்டு வருடப் பட்டம். மோட்டார், மின்சுற்று, கியர், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் ஒரே இயந்திரத்தில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதுதான் பாடம். குரோய்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் பல வருடம் கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நான். நாற்பதை நெருங்கும்போதுதான் படிக்கத் துணிந்தேன். எழுத்துப் பரீட்சைகள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது வேலைத்தளத்தில் செய்து காட்டும் ஒரு பகுதி மட்டும். அது முடியாவிட்டால் பட்டம் இல்லை.

அதற்காக லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். டென்மார்க்கில் நீண்ட காலம் இதே வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். நல்ல வேலைக்காரர். முதல் நாளே நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த இரண்டு சொற்களோடு ஓர் ஒழுங்கும் கூடவே வந்துவிட்டது. அண்ணை பார்த்துவிட்டேன் என்றால் பார்த்தாயிற்று. மாமனார், கடையைப் பூட்டிவிட்டேன் என்று சொன்ன பிறகு மருமகள் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

கல்லூரியில் சொல்லித் தந்தது இதற்கு நேர் எதிரானது. லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஏறித்தான் பல வேலைகளைச் செய்ய வேண்டும். கூரையில் ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருக்கும். பெட்டியைக் கீழ்மாடியில் நிறுத்திவிட்டு, மேல்மாடிக் கதவைச் சாவியால் திறந்தால், கூரை காலடிக்குச் சற்றுக் கீழே தெரியும். வெளியே நின்றபடியே கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு கதவை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் ஆள் போல லிஃப்டைக் கூப்பிட வேண்டும். அது வரக் கூடாது. வராவிட்டால்தான் ஏறலாம். அழுத்தினேன் என்பது போதாது, நின்றுவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும். யார் அழுத்தியிருந்தாலும், ஏறப் போகிறவர் தானே பார்க்க வேண்டும்.

அண்ணையோடு வேலை செய்த அத்தனை வாரங்களிலும் அந்தச் சோதனையை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. அவர் பொத்தானை அழுத்துவார், ஏறுங்கோ என்பார், ஏறுவேன். அவர் அழுத்தினால் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மட்டும் செய்ததற்குக் காரணம் சந்தேகம் அல்ல. அந்தச் செய்து காட்டும் பகுதிக்காக நான் முதலில் கல்லூரிக்கு அனுப்பிய வீடியோவை விரிவுரையாளர் திருப்பி அனுப்பியிருந்தார். அதில் நான் ஏற்கெனவே கூரையில் நிற்கிறேன், ஏறுவதற்கு முன் என்ன செய்தேன் என்பது இல்லை, மறுபடி எடு என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் சில நாட்களாக நடுவழியில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே மின்சுற்றில் மாலை போலக் கோத்திருப்பார்கள். கூரையிலுள்ள சிவப்புப் பொத்தானும் அதே மாலையில்தான். எங்கே ஒன்று விட்டுப்போனாலும் லிஃப்ட் அசையக் கூடாது. எந்தச் சுவிட்சில் பிழை என்று பார்க்க அண்ணை உச்சியிலுள்ள இயந்திர அறைக்குப் போனார். நான் ஏழாவது மாடியில் காவல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் படியால் இறங்கி வந்தார்.

“இந்தக் கதவின்ர சுவிட்ச்தான் தங்கச்சி. ஊத்தை பிடிச்சுப் போய்க் கிடக்கு. கூரையில ஏறி நிண்டு துடைச்சுவிட்டா சரி. லேசான வேலை, உங்களுக்குத்தான்.”

படிக்கட்டில் ஒரு வயதான ஜமைக்காப் பெண்மணி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். வீடு பத்தாவது மாடியில். சந்தையிலிருந்து மரக்கறி நிரம்பிய தள்ளுவண்டியை ஏழு மாடி இழுத்து வந்துவிட்டார். இனி லிஃப்ட் வந்தால்தான் எழும்புவேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை கதவைத் திறந்து, குனிந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். “சரி, ஏறுங்கோ.”

நான் போனை எடுத்தேன். ஒருக்கால் கதவை மூடிக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், படிப்புக்கு வேணும் என்றேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

“நான் அழுத்தினதைப் பார்த்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?”

“ஓம் அண்ணை. வீடியோவில வரவேணுமாம்.”

“படிப்புக்கோ, இல்லாட்டி டிக்டொக்குக்கோ?” என்று சிரித்தார். “எடுங்கோ, எடுங்கோ. என்ர முகம் வடிவா விழவேணும்.”

கதவை மூடினார். படிக்கட்டிலிருந்த பெண்மணி, வேலை செய்யப் போகிறீர்களா, படம் எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். நான் அழைப்புப் பொத்தானை அழுத்தினேன்.

உச்சியில் மோட்டார் ஒரு தடவை முனகியது. கதவிலுள்ள ஒடுக்கமான கண்ணாடியில் கீழேயிருந்து வெளிச்சம் ஏறி வந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு கண்ணாடி முழுவதும். மணி அடித்தது. “ஏழாவது மாடி, கதவுகள் திறக்கின்றன” என்று பதிவுசெய்த பெண் குரல் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது. கதவுகள் திறந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. பளிச்சென்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சிவப்புப் பொத்தான் அழுத்தியபடியேதான் இருந்தது. அதையும் சுமந்துகொண்டுதான் அந்தப் பெட்டி மேலே வந்திருக்கிறது.

எனக்கு உடனே பயம் வரவில்லை. இரைச்சல் முழுவதும் நின்றுபோனது போல இருந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. எங்கள் இருவருக்கும் முன்னதாக அசைந்தவர் அந்தப் பெண்மணிதான். லிஃப்ட் சரியாகிவிட்டதே என்று மகிழ்ந்து, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நேரே உள்ளே போகப் பார்த்தார். அண்ணை பாய்ந்து குறுக்கே கையை நீட்டினார். “நோ, நோ, அம்மா, நோ!” என்று இரண்டு மொழியும் கலந்து கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

என்னை அங்கேயே நின்று ஒருவரையும் ஏறவிடாமல் பார்க்கச் சொல்லிவிட்டு, படியில் ஓடி ஏறினார். சற்றுப் பொறுத்து அவர் மேலே மின்சாரத்தை நிறுத்த, லிஃப்டின் விளக்கு அணைந்தது. அந்த இருட்டுப் பெட்டியைப் பார்த்தபடி நிற்கும்போதுதான் கணக்கு மனதில் ஓடியது. நான் கூரையில் நின்றிருந்தால், முகம் கதவுப் பக்கம், இரண்டு கையும் தலைக்கு மேலே சுவிட்சில். கதவுக்கு மேலே சுவரின் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்மாடியில் யாராவது பொறுமையிழந்து பொத்தானை அழுத்தியிருந்தால், கூரை என்னைத் தூக்கிக்கொண்டு அந்த விளிம்பை நோக்கிப் போயிருக்கும். விலக இடமில்லை. அண்ணை வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், ஒன்றும் செய்ய முடியாமல் நின்றிருப்பார்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு வயர் சுற்றியிருந்தது. பிழையைத் தேடும்போது அந்தச் சுவிட்ச் மாலையின் இரு முனைகளையும் தற்காலிகமாக வயரால் இணைத்துப் பார்ப்பார்கள். வயர் இருக்கும்வரை, கதவு திறந்திருந்தாலும், சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் ஓடும். பார்த்த கையோடு அதைக் கழற்ற வேண்டும். கழற்றப் போன நேரத்தில், லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டு ஒரு போன் வந்திருக்கிறது. பேசிக்கொண்டே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“கழட்டிப்போட்டன் எண்டுதான் நினைச்சன்,” என்றார். “கை கழட்டினது மாதிரியே இருந்தது, தங்கச்சி.”

படியில் அந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்கு விஷயம் முழுவதும் விளங்கியிருக்காது. ஆனாலும் வண்டியிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, உரித்து, பாதியை அண்ணையின் கையில் வைத்தார். மற்றப் பாதியை எனக்கு நீட்டினார். அண்ணை அதைச் சாப்பிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “வீடியோ ஓடிக்கொண்டோ இருந்தது?”

“ஓம் அண்ணை.”

அழிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அழித்திருப்பேன், மறுத்துச் சொல்லும் தைரியம் என்னிடம் இல்லை. அவர், “வைச்சிருங்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்து அலுவலகத்தை அழைத்தார். நடந்ததை ஆங்கிலத்தில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். வயரை விட்டுவிட்டு வந்தது தானே என்பதை இரண்டு தடவை சொன்னார்.

மறு பயிற்சி முடியும்வரை அவரை லிஃப்ட் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த லிஃப்டை வேறொருவர் வந்து சரிசெய்தார். என்னைத்தான் சரிசெய்ய ஆள் இல்லை. ரயில் ஸ்டேஷனில், கடையில், பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போன இடத்தில், எங்கும் படியால்தான் ஏறினேன். லிஃப்ட் மணி ஒலித்தால் தோள் தானாகவே குறுகும். “உங்களுக்கு லிஃப்ட் படிப்பு, ஆனா லிஃப்ட் பயம்,” என்று மகள் கேலி செய்தாள். மறுபடி எடுக்க வேண்டிய வீடியோவுக்குக் கெடு நெருங்கியது. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். பெற்றோல் ஸ்டேஷனில் திரும்ப ஷிப்ட் கிடைக்குமா என்றும் விசாரித்துவிட்டேன்.

மே மாதத் தொடக்கத்தில் அண்ணையிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, என்னைத் திரும்ப எடுத்திட்டினம். நாளைக்கு வாறியளோ?”

“பயமாக் கிடக்கு, அண்ணை.”

“எனக்கும்தான்,” என்றார். “அப்ப ரெண்டு பேரும் பயந்து பயந்து செய்வம்.”

போனேன். வேறொரு கட்டடம், நான்கே மாடி. அண்ணை என்னை இயந்திர அறைக்குக் கூட்டிப்போய், வயர் எதுவும் இல்லை என்பதைத் தன் விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு இறங்கி வந்து பொத்தானை அழுத்தி, கதவை மூடி, கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. நான் போனைக் கீழே இறக்கினேன்.

“அது என்ர சோதினை. நான் பார்த்தது உங்களுக்குக் கணக்கில்லை,” என்று போனை வாங்கிக்கொண்டு தள்ளி நின்றார். “இப்ப நீங்கள் பாருங்கோ. முதல்ல இருந்து.”

கதவைத் திறந்து, சிவப்புப் பொத்தானை விடுவித்து, மறுபடி நானே அழுத்தினேன். கதவை மூடினேன். கூப்பிட்டேன். கண்ணாடியில் இருட்டு அப்படியே இருந்தது. மோட்டார் முனகவில்லை. யாரோ ஒரு வீட்டில் வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது. போதும் என்று அண்ணை சொல்லவில்லை, நானும் அவசரப்படவில்லை. பிறகு கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலையும் வைத்தேன். கூரை கொஞ்சம் ஆடியது. வேலையை முடித்தேன். வீடியோவில் நான் அடிக்கடி சிவப்புப் பொத்தானைத் திரும்பிப் பார்ப்பது தெளிவாகத் தெரிகிறது. விரிவுரையாளர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, தேர்ச்சி என்று மட்டும் எழுதியிருந்தார்.

பட்டம் கிடைத்தது. இப்போது அதே நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அவரை இன்னும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் பார்த்த பிறகு நானும் பார்க்கிறேன், நான் பார்த்த பிறகு அவரும் பார்க்கிறார். அதில் ஒருவருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவுக்கு அப்பால் ஒரு சத்தமும் கேட்டுவிடக் கூடாது என்று காதைக் கொடுத்து நிற்கும் அந்தக் கணத்தில், ஏழாவது மாடியில் வராத பயம் இன்றும் தவறாமல் வருகிறது. அது வராமல் போகிற நாளில் நான் கூரையில் கால் வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.